மாத்தளை மலையாற்றில் ஒரு கெண்டை

தமிழ்ப் புலவர்களுக்கு மீன் என்றதும் முதலில் நினைவுக்கு வந்தவை கயலும் கெண்டையுமே. பெண்களின் கண்ணுக்கு உவமை வேண்டுமாயின் கயல்; வயலும் மடையும் கொழிக்கும் வளத்தைச் சொல்ல வேண்டுமாயின் துள்ளும் கெண்டை. கடலிலே சுறாவையும் திருக்கையையும் கண்டறிந்த மக்கள், அழகுக்கு மட்டும் நன்னீர்ச் சிறுமீனை நாடினார்கள் என்பது எண்ணத்தக்கது. தெளிந்த நீரிலே ஒரு கணம் பளிச்சிட்டு மறுகணம் திசைமாறி மறையும் அம்மீனின் ஓட்டத்தைக் கரையிலே நின்று பார்த்தவர்க்கே அவ்வுவமையின் நயம் விளங்கும்.

அந்தக் கெண்டைக் குலத்தைச் சேர்ந்த ஒரு மீன், உலகில் வேறெந்த நாட்டிலும் காணப்படாமல், மாத்தளை மாவட்டத்தின் லக்கல மலைப்பகுதியில் ஓடும் களுகங்கையைத் தன் இருப்பிடமாகக் கொண்டிருக்கிறது. விஞ்ஞானிகள் அதற்கு இட்ட பெயர் டாக்கின்சியா சிறிலங்கென்சிஸ். வாய்க்கு எளிதில் வராத பெயர். விலாவிலே கரிய திட்டுகள் கொண்டதாகையால், இக்கட்டுரை முடியும் வரையில் நாம் அதனைத் திட்டுக்கெண்டை என்றே அழைத்துக்கொள்வோம்.

களுகங்கை என்றதும் வாசகர்களிற் பலர் களுத்துறையிலே கடலோடு கலக்கும் பேராற்றை எண்ணக்கூடும். அது வேறு, இது வேறு. நாம் சொல்லும் களுகங்கை நக்கிள்ஸ் மலைத்தொடரிலே பிறந்து, லக்கலப் பள்ளத்தாக்கின் வழியே இறங்கி, அம்பன்கங்கையோடு சேர்வது. அம்பன்கங்கையோ பின்னர் மகாவலியோடு கலந்து கிழக்குக் கடலுக்குச் செல்கிறது. மாத்தளை நகரின் அருகே பாயும் சுதுகங்கையும் அம்பன்கங்கைக்கே நீர் கொடுக்கிறது. சுது என்றால் வெள்ளை, களு என்றால் கறுப்பு. ஒரே மாவட்டத்தில் வெள்ளாறும் காராறும் இருவேறு திசையிலிருந்து வந்து ஓர் ஆற்றிற் சேர்கின்றன என்பது, படத்தைப் பார்த்துப் பூமிசாஸ்திரம் படிக்கும் மாணவர்கள் மனத்திற் கொள்ளத்தக்க செய்தி.

நக்கிள்ஸ் மலைகளைத் தூரத்திலிருந்து நோக்கினால், மடக்கிய கையின் முட்டிகள் போல வரிசையாகத் தோன்றும். அதனாலேயே ஆங்கிலேயர் அப்பெயரை வைத்தனர். தும்பறை மலைகள் என்பது நாட்டு வழக்கு. 1,900 மீற்றருக்குச் சற்று உயர்ந்த சிகரமும் அங்கே உண்டு. இரு பருவக் காற்றுகளின் மழையும் இம்மலைகளிற் பெய்வதால், ஒருபுறம் ஈரக்காடும் மறுபுறம் உலர்ந்த பற்றைக்காடுமாக, சில மைல் தூரத்துக்குள்ளே நாட்டின் பல்வேறு காட்டு வகைகளையும் காணலாம். 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தபோது இம்மலைத்தொடரின் காப்புக்காடும் அதில் இடம்பெற்றது. மலைக்கும் காட்டுக்கும் கிடைத்த அந்தப் புகழில், அடிவாரத்து ஓடைகளுக்கு அதிகம் பங்கு கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

திட்டுக்கெண்டை பெரிய மீனன்று. நன்கு வளர்ந்தாலும் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் இருக்கும். வெள்ளியும் இளம்பொன்னும் கலந்தாற் போன்ற மேனி. அதன்மேல் மை தொட்டு வைத்தாற் போன்ற திட்டுகள். வளர்ந்த ஆண்மீனுக்கு முதுகுச் செட்டையின் கதிர்கள் நூல் போல நீண்டு வளரும். நீரோட்டத்தை எதிர்த்து அது நிற்கும்போது அந்த நூல்கள் பின்னோக்கி அலையும். சிறு கொடிகளைத் தாங்கிய தேர் என்று புலவராயிருந்தால் சொல்லியிருப்பார். நாம் ஆசிரியத் தொழில் செய்பவராகையால் செட்டைக் கதிர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இத்தனை அழகுடைய மீன் வெகுகாலம் விஞ்ஞான நூல்களிற் பெயரின்றியே இருந்தது. பி. ஈ. பி. தெரணியகலை அவர்கள் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட வண்ணப்பட நூலிலும், இயன் மன்றோ என்பார் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை மீன்கள் பற்றிய பெருநூலிலும் இப்பெயரைத் தேடினால் கிடையாது. நாட்டின் ஆற்று மீன்களையும் அவை வாழும் வலயங்களையும் ஆராய்ந்த ரணில் சேனாநாயக்க அவர்களே 1985ஆம் ஆண்டில் இதனைப் புதிய இனமென்று விவரித்து, நாட்டின் பெயரையே இதற்கு வைத்தார். அக்காலத்தில் இது புண்டியஸ் என்னும் பெரிய சாதியிற் சேர்க்கப்பட்டிருந்தது. 2012ஆம் ஆண்டில் ரொகான் பெத்தியாகொடையும் அவருடைய இரு துணைவர்களும் அந்தப் பெருங்கூட்டத்தைப் பல சாதிகளாகப் பிரித்தபோது, நூற்செட்டைக் கெண்டைகளுக்கு டாக்கின்சியா என்று பெயரிட்டனர். விஞ்ஞானத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்பவரைச் சிறப்பிக்கும் பெயர் அது. அவர் பெயர்பெற்ற நாத்திகர். திருமாலின் முதல் அவதாரம் மச்சம் என்று போற்றும் நாம், மச்சம் ஒன்று நாத்திகர் பெயரைச் சுமப்பதைக் கண்டு புன்னகை செய்யலாம். மீனுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

அதே ஆராய்ச்சியிலே வேறொரு சாதிக்குப் பெத்தியா என்று சிங்களச் சொல்லையே பெயராக வைத்தார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. ஈரவலயத்து ஓடைகளில் வாழும் கருஞ்சிவப்புக் கெண்டை ஒன்றைச் சிங்கள மக்கள் ‘புலத் ஹப்பயா’, அதாவது வெற்றிலை சப்புபவன், என்று அழைக்கிறார்கள். ஆண்மீனின் சிவந்த முகத்தைப் பார்த்து வைத்த பெயர். ஒரு மக்கள் தம் ஓடையை எவ்வளவு அன்போடு பார்த்திருந்தால் இப்படிப் பெயர் வைத்திருப்பார்கள்! நம்மவரோ சிறுமீன்கள் எல்லாவற்றையும் கெண்டை என்றோ பொடிமீன் என்றோ சொல்லிக் கூடையிலே கொட்டிவிடுவது பெரும்பான்மை.

திட்டுக்கெண்டையின் உறவினர் சிலரைக் கடல் கடந்து தமிழகத்திலும் காணலாம். சென்னை மாகாணத்தில் படை வைத்தியராயிருந்த ஜெர்டன் என்னும் ஆங்கிலேயர், 1849ஆம் ஆண்டில் தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி எழுதியபோது காவிரியாற்றுக் கெண்டை ஒன்றுக்கு அருலியஸ் என்று பெயரிட்டார். அங்குள்ளோர் வாயிற் கேட்ட பெயரே அதற்கு மூலம். பின்னர் 1950களில் சைலஸ் என்னும் விலங்கியல் அறிஞர், திருநெல்வேலிச் சீமையின் தாமிரவருணியில் வாழும் அதன் நெருங்கிய உறவுமீனை அந்த ஆற்றின் பெயராலேயே விவரித்தார். இன்னும் ஒரு வேடிக்கை: கன்னியாகுமரிப் பக்கத்து மலையாறுகளில் வாழும் நூற்செட்டைக் கெண்டை ஒன்று, 2010ஆம் ஆண்டில் தமிழகத்து ஆய்வாளர்களால் ரொகானி என்று பெயரிடப்பட்டது. நாம் மேலே கூறிய இலங்கை அறிஞரின் பெயர்தான் அது. ஆக, இலங்கையரின் பெயர் கொண்ட கெண்டை குமரியிலும், குமரிக்கெண்டையின் இனத்தது மாத்தளையிலும் வாழ்கின்றன.

உப்புநீரில் உயிர்வாழ இயலாத ஒரு மீன்குலம் கடலின் இருகரையிலும் இருப்பது எங்ஙனம்? பனியூழிக் காலங்களில் கடல்நீர் வடதுருவப் பக்கத்துப் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தமையால் கடல்மட்டம் தாழ்ந்து, பாக்குநீரிணை இருந்த இடம் தரையாயிற்று. அப்போது ஆறுகளும் சதுப்புகளும் இந்நாட்டையும் அந்நாட்டையும் இணைத்தன. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே அவ்விணைப்பு கடைசியாக அறுந்தது. இப்படி வழி பலமுறை திறந்திருந்தும், இருநாட்டு உயிர்களும் முற்றாகக் கலந்துவிடவில்லை. 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, நன்னீர் மீன், நண்டு, தவளை முதலியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு, இலங்கையின் உயிரினங்கள் பல நெடுங்காலமாகத் தனிவழி வந்தவை என்று காட்டியது. மனிதர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். கெண்டையின் முன்னோர் வந்த காலத்தை நோக்க, அது நேற்றைய செய்தி.

இனி, இம்மீன் ஏன் அந்த ஓர் ஆற்றையே பற்றிக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்ப்போம். மலையோடையின் நீர் குளிர்ந்தது. பாறையிலிருந்து பாறைக்குத் தாவி விழும்போது காற்றைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. குளிர்ந்த நீரிலே பிராணவாயு அதிகம் கரையும் என்பது மாணவர்கள் அறிந்த பாடம். கரையிலே மருதும் பிற மரங்களும் நிழல் செய்யும்போது நீர் சூடேறுவதில்லை. உதிரும் இலையும் அதன்மேல் வாழும் பூச்சியும் நீருக்குள் விழுகின்றன. கல்லின்மேல் ஒளிபட்ட இடத்திற் பாசி படர்கிறது. பாசியும் பூச்சியும் மக்கிய இலையுமே இக்குலத்துக் கெண்டைகளின் உணவு. இவை கூடு கட்டுவதில்லை, குஞ்சைக் காப்பதுமில்லை. முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். பரலிடுக்கிலும் செடிகளிலும் சிக்கிய முட்டையின்மேல் தூய நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதன்மேல் ஒரு விரற்கடை சேறு படிந்தாலும் உள்ளிருக்கும் கரு மூச்சுமுட்டி மாளும்.

தெளிந்த நீர் கண்ணுக்கும் வேண்டும். ஆண்மீனின் நூற்செட்டையும் மேனிநிறமும் பெண்மீன் காண்பதற்காக அமைந்தவை. நீர் கலங்கினால் அந்த அலங்காரமெல்லாம் வீண். ஆபிரிக்காவின் விக்ரோரியா ஏரியில், நீர் கலங்கியதால் நிறம் பார்த்துத் துணை தேடும் மீன்கள் தம் இனம் தெரியாது கலந்து, நிறமும் மங்கி, இன வேறுபாடே குறைந்து போயிற்று என்று 1997ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி கூறியது. ஆகவே ‘தெளிந்த நீரில் வாழும் மீன்’ என்று நூல்களில் ஒரு வரியாக எழுதப்படுவது, மூச்சும் உணவும் மணமும் மகப்பேறும் அடங்கிய ஒரு வாழ்க்கை முறையாகும்.

அந்தத் தெளிவைக் கெடுக்கும் காரியங்கள் லக்கலப் பக்கத்திலே சிலகாலமாகவே உண்டு. எலஹெரைப் பகுதி இரத்தினக்கற்களுக்குப் பேர்போனது. கல்லிருக்கும் பரல்மண் ஆற்றுப்படுகையிலும் அதன் ஓரத்திலுமே கிடப்பதால், அகழ்ந்து கழுவிய சேறு ஆற்றுக்கே போகிறது. மலைச்சரிவிலே காட்டின் கீழ்ச்செடிகளை வெட்டி ஏலம் நட்டார்கள். தாழ்வான இடங்களிலே சேனையும் புகையிலையும் மரக்கறியும் செய்தார்கள். மழைக்காலத்தில் மண்ணோடு மருந்தும் ஓடையில் இறங்கும். ஏழைக் குடியானவனைக் குறைசொல்லி எழுதுவது நமது நோக்கமன்று. அவனுக்கும் அந்த மண்ணைவிட வேறு மண் இல்லை.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் 2018ஆம் ஆண்டில் வந்தது. மொறகஹகந்தைத் திட்டத்தின் ஓர் அங்கமாகக் களுகங்கைக்குக் குறுக்கே சுமார் 68 மீற்றர் உயர அணை கட்டப்பட்டு, அதன் பின்னே நீர் தேங்கத் தொடங்கிற்று. நிறைந்தால் ஏறத்தாழ 248 மில்லியன் கனமீற்றர் நீர் கொள்ளும் தேக்கம் அது. பழைய லக்கல-பல்லேகம ஊர் நீருக்கடியிற் போயிற்று. மக்களுக்கு மேட்டிலே புதிய நகர் அமைத்துக் கொடுக்கப்பட்டது. களுகங்கையின் மிகுதிநீர் மொறகஹகந்தைக்குத் திருப்பப்பட்டு, அங்கிருந்து வடமத்திய மாகாணம் முதலான வறண்ட பிரதேசங்களை நோக்கிச் செல்கிறது.

இவ்விடத்தில் மச்சாவதாரக் கதை நினைவுக்கு வருகிறது. மனுவின் கையில் அகப்பட்ட சிறுமீன் வளர வளர, கலசத்திலிருந்து குளத்துக்கும், குளத்திலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் மாற்றப்பட்டதென்பது புராணம். நமது திட்டுக்கெண்டையின் நிலை அதற்கு நேர்மாறு. நீர் பெருகுந்தோறும் அதன் உலகம் சுருங்குகிறது. முழங்கால் ஆழத்து ஓட்டநீர் பல மீற்றர் ஆழத்து நிலைநீராகும்போது, பாறையும் பரலும் இருளில் அமிழ்ந்துவிடுகின்றன. மேல்நீர் வெயிலிற் சூடேற, அடிநீர் காற்றுக் காணாமற் கிடக்கிறது. ஓடிவந்த ஆறு வேகம் இழந்தவுடன் தான் சுமந்த வண்டலை அங்கேயே இறக்கிவிடுகிறது. நீர்த்தேக்கம் என்பது மனிதனுக்கு நீர்வளம். ஓட்டநீர் மீனுக்கு அது நடமாட முடியாத பாலை. தேக்கத்துள் வந்து விழும் ஓடைகள் முன்பு ஆற்றினால் ஒன்றோடொன்று தொடர்புற்றிருந்தன. இப்போது ஒவ்வோர் ஓடையும் தனித்தீவு போன்றது. ஓர் ஓடையிலே வறட்சியாலோ நஞ்சாலோ மீன் அற்றுப்போனால், மற்றோர் ஓடையிலிருந்து வந்து நிரப்ப வழி இல்லை.

நமது நாட்டு நீர்த்தேக்கங்களில் உணவுக்காக வெளிநாட்டு மீன்களை விடுவதும் நெடுநாள் வழக்கம். ஆபிரிக்காவுக்குரிய திலாப்பியா 1952ஆம் ஆண்டில் இங்கே கொண்டுவரப்பட்டது. குளத்து மீனவர் பலர் அதனாலே பிழைக்கின்றனர். மலிந்த புரதமும் மக்களுக்குக் கிடைத்தது. நிலைநீரிலே செழிக்கும் அம்மீனுக்குப் புதிய தேக்கம் தன் வீட்டைப் போன்றது. வீட்டுக்காரனுக்கோ அது அந்நியமாகிவிட்டது.

இவ்வளவும் சொல்வதால், அணையே கட்டியிருக்கக் கூடாது என்று நாம் வாதிடுவதாக எண்ண வேண்டாம். வடமத்திய மாகாணத்திலே 1990கள் தொட்டுச் சிறுநீரக நோய் பல்லாயிரம் குடியானவர்களை வாட்டிவருகிறது. நல்ல குடிநீர் அங்கே உயிர்மருந்து. ஆற்றுநீரை வறண்ட நிலத்துக்குக் கொண்டுசெல்வது நமக்குப் புதிய கலையுமன்று. அம்பன்கங்கையிலிருந்து நீர் கொண்டுசெல்லும் எலஹெரைக் கால்வாயை வசபன் என்னும் அரசன் வெட்டத் தொடங்கியதாகச் சொல்வர். அவன் காலம் ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்பு. 1976ஆம் ஆண்டில் மகாவலியின் நீர் பொல்கொல்லையிலிருந்து மலையைக் குடைந்த வழியே உக்குவளைக்கு வந்து சுதுகங்கையில் விழலாயிற்று. ஒரு வேறுபாடு மட்டும் நமது கண்ணுக்குப் படுகிறது. எலஹெரையில் அக்காலத்தவர் கட்டியது தாழ்ந்த கல்லணை. ஆற்றின் ஒருபகுதி நீரைக் கால்வாயிலே திருப்பிவிட்டு, மிஞ்சியது தன் வழியே போகும்படி விட்டார்கள். மலைப்பள்ளத்தாக்கை முழுவதும் நீரால் நிரப்பும் வல்லமை இக்காலத்து இயந்திரங்களுக்கே வாய்த்தது. வல்லமை வந்தபோது, அப்பள்ளத்தாக்கில் வேறெங்கும் இல்லாத உயிர் ஏதும் உண்டோ என்று கேட்கும் பொறுப்பும் கூடவே வரவேண்டும் அல்லவா?

அந்தக் கேள்வியை அமெரிக்கர்கள் நீதிமன்றம் வரையிற் கொண்டுசென்றார்கள். டென்னசி மாகாணத்திலே டெலிக்கோ என்னும் அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, 1973ஆம் ஆண்டில் டேவிட் எட்னியர் என்னும் பேராசிரியர் அந்த ஆற்றிலே விரல் நீளமுள்ள, நத்தை தின்னும் சிறுமீன் ஒன்றைக் கண்டார். அணைக்கு 10 கோடி டொலருக்கு மேற் செலவாகிவிட்டது. இருந்தும் 1978ஆம் ஆண்டில் நாட்டின் உச்ச நீதிமன்றம், அருகிவரும் உயிர்களைக் காக்கும் சட்டம் சட்டமே என்று சொல்லி வேலையை நிறுத்தியது. மறுவருடம் காங்கிரஸ் சபை அந்த அணைக்கு மட்டும் விலக்களித்தது, மதகும் மூடப்பட்டது. மீன் அழிந்துவிட்டதா? இல்லை. அதற்குள் பிடித்துவந்து வேறோர் ஆற்றிலே விடப்பட்டவை பெருகின. பிற ஆறுகளிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் ஆபத்துப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டிலோ, அது தனி இனமே அன்று, முன்பே அறியப்பட்ட வேறோர் இனத்தின் ஒரு கிளை என்று சில ஆய்வாளர்கள் எழுதினார்கள். வழக்காடியவர்கள் இதைக் கேட்டு என்ன நினைத்தார்களோ! எனினும் மீனைக் காக்கச் செய்த முயற்சியே, அதனை நன்கு அறியும் வழியையும் திறந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

மீனை வேறிடத்திற் குடியேற்றும் பரீட்சை நமது நாட்டுக்கும் புதிதன்று. ஈரவலயத்து மீன்கள் சிலவற்றை மகாவலியைச் சேர்ந்த ஓடைகளிலே கொண்டுசென்று விட்டுப்பார்த்த ஆய்வின் முடிவு 1990ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சில இனங்கள் நிலைத்தன; எல்லாம் நிலைக்கவில்லை. குடியேற்றுவது எளிய வேலையன்று. சேருமிடத்து நீர் ஒத்திருக்க வேண்டும். அங்கே முன்பே வாழும் மீனுக்குத் தீங்கு வரக்கூடாது. இவை தெரியாமல், அன்பு மிகுதியாலே கையிற் கிடைத்த மீனைக் கண்ட ஓடையில் விடுவது நன்மையாகாது. வீட்டிலே கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சலித்துப்போன தொட்டி மீன்களை ஆற்றிற் கொண்டுபோய் விடுவது இன்று பல நாடுகளிலே பெருந்தொல்லையாய் முடிந்திருக்கிறது.

திட்டுக்கெண்டைக்கு இனிப் புகலிடமாவன, நக்கிள்ஸ் சரிவிலிருந்து களுகங்கைத் தேக்கத்துக்குள் இறங்கும் சிற்றோடைகளும் ஆற்றின் மேற்பகுதியுமே. அவற்றின் இருகரையிலும் மரம் நிற்கவிட வேண்டும். கரையை ஒட்டிய சிறுதூரத்துக்கேனும் மண்ணைக் கொத்தாமலும் மருந்தடிக்காமலும் இருக்க வேண்டும். பரல்மணலை அள்ளுவதை நிறுத்த வேண்டும். இதற்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை. ஓடைக்கரை உழவனுக்கு அவன் விட்டுக்கொடுக்கும் நிலத்துக்கு ஈடாக ஏதேனும் கிடைக்கச் செய்தால் அவனே காவற்காரன் ஆவான்.

மாத்தளைப் பக்கத்துப் பள்ளிக்கூட மாணவர்கள் சுற்றுலாவென்று ரத்தோட்டை வழியே ரிவஸ்டன் மலைக்குப் போவதுண்டு. காற்றையும் மஞ்சையும் கண்டு படம் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். அதே பாதையிலே அப்பால் இறங்கினால் லக்கல. அங்கே பாதுகாப்பான ஓர் ஆழமற்ற ஓடையின் கரையில், ஆசிரியர் துணையோடு, நீருக்கு மேலே தம் நிழல் விழாதபடி கால் மணி நேரம் சத்தமின்றி உட்கார்ந்திருப்பார்களானால், முதலில் கல்லும் பாசியுமே தெரியும். சற்றுப் பொறுத்தால் கற்களுக்கிடையே கெண்டைகள் ஓட்டத்தை எதிர்த்து நிற்பது கண்ணிற் படும். அவற்றிலே விலாவிற் கரிய திட்டும் முதுகிலே நீண்ட நூலும் கொண்டது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கட்டும். பிடிக்க வேண்டாம், நாளையும் நேரமும் இடத்தையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தாற் போதும்.